கிணற்றில் சரிபாதி

ஜூலை 9, ஞாயிறு

தோசை வட்டமாக வரவில்லை. கல்லில் ஊற்றிய மாவு கிழக்குப் பக்கமாக ஒழுகி வால் முளைத்து நிற்கிறது. மூன்று மாதமாக என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் முன்னால் மனைவி இந்திராணி இறந்த பிறகு, அறுபத்தைந்து வயதில் கரண்டி பிடித்தவன் நான். பழியை என் கை மேல் போட்டுக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

இன்று கடுகு டப்பா கவிழ்ந்தது. சிந்திய கடுகு நாலா பக்கமும் சிதறாமல், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு கிழக்கு மூலையில் போய்க் குவிந்தது. பெருக்கும் வேலை மிச்சம். ஆனால் அடுப்படித் தரை இறங்குகிறது என்பதை இனி மறுக்க முடியாது.

காலண்டர் அட்டையை மடித்து ஸ்டவ்வின் காலுக்குக் கீழே கொடுத்தேன். அடுத்த தோசை வட்டமாக வந்தது. பிரஷர் 150/90.

ஜூலை 12, புதன்

ஒரு அட்டை போதவில்லை. இப்போது மூன்று. தரைக்கும் சுவருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது. எலி வேலையாக இருக்கும்.

காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் பின்வாசலில் "சார், தண்ணி" என்று குரல். பக்கத்து வீட்டுத் தங்கப்பேச்சி. அவள் வீடும் என் வீடும் ஒட்டிப் பிறந்தவை. ஜின்னிங் மில் ஓடிய காலத்தில் ஒரே நடுச்சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடு. மில்லை மூடியபோது ஒரு பாதியைப் பத்திர ஆபீஸ் குமாஸ்தாவான நான் வாங்கினேன். மறுபாதியை மில்லில் ஃபிட்டராக இருந்த அவளுடைய மாமனார் வாங்கினார்.

தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊர் இது. எனக்கு வாசலில் போர் இருக்கிறது. தினமும் அவளுக்கு இரண்டு குடம் கொடுப்பது இந்திராணி ஆரம்பித்து வைத்த பழக்கம். அவள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டு நின்றாலும், "ஒங்க புண்ணியம் சார்" என்று சொல்லாமல் குடத்தைத் தூக்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறாள். சொல்ல வேண்டாம் என்றால் கேட்கிறதில்லை.

ஜூலை 15, சனி

கோயம்புத்தூரிலிருந்து உமாராணி போன் செய்தாள். தரை விஷயத்தைச் சொல்லியிருக்கக்கூடாது. "ராத்திரி அடுப்படியோட உள்ள போயிட்டீங்கன்னா யாருப்பா தூக்குறது? திங்கக்கெழம கொத்தனாரைக் கூப்பிடுங்க." மகள் என்பவள் ஒரு வயதுக்கு மேல் மாமியார் மாதிரி ஆகிவிடுகிறாள்.

கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றும் தோன்றுகிறது.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் தேதி. ஆடியில் யாரும் வேலை ஆரம்பிப்பதில்லை என்பதால் செபஸ்தியான் கொத்தனார் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். முன்னறை, நடுவறை எல்லாம் குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தார். அடுப்படிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் தட்டினார். ஸ்டவ் பக்கம் கெட்டியாகக் கேட்டது. கிழக்கு மூலையில் பானையைத் தட்டிய மாதிரி கேட்டது.

"வீட்டு அஸ்திவாரம் நல்லாருக்கு சார். பெறகு சேத்துக் கெட்டுன இந்த அடுப்படி மட்டுந்தான் எறங்குது. கீழ என்ன இருக்கு?"

"மண்ணுதான்."

"கரிசலா?"

"எல்லாம் கலந்துதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை தரையைப் பெயர்க்கலாம் என்று முடிவாயிற்று.

ஜூலை 19, புதன்

பாத்திரங்களை முன்னறைக்கு மாற்றினேன். கிழக்கு மூலையில் இரண்டு பித்தளைக் குடங்கள் மட்டும் இருந்தன. தங்கப்பேச்சிக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றும் குடங்கள். அந்த மூலையில் இந்திராணி வேறு எதையும் வைத்ததில்லை. அவளும் அங்கே நின்றதில்லை. இவ்வளவு பெரிய அடுப்படியில் மேற்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சமைப்பாள். இடுப்பு வலிக்காக என்று அப்போது நினைத்தேன்.

ஜூலை 20, வியாழன்

பெயர்த்தாயிற்று.

தரைக்குக் கீழே கடப்பாக்கல் பலகை. பலகைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆறடி ஆழத்துக்கு வெறும் இருட்டுப் பள்ளம். கொத்தனார் செல்போன் லைட்டை அடித்தார். வட்டமாகக் கல் கட்டடம் தெரிந்தது.

"கெணறா சார்?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

"மறந்துபோச்சு."

கிணற்றை மறப்பதற்கு அது என்ன பஸ்ஸில் விட்ட குடையா. அவர் லைட்டை அணைத்தார். எனக்குக் காது சுட்டது.

விவரத்தை எழுதி வைக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. நடுச்சுவர் கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு நீளக் கல்லின் மேல் ஏறிப் போகும். இந்தப் பக்கம் எங்கள் கப்பி, அந்தப் பக்கம் அவர்கள் கப்பி. மேலே சுவர், கீழே ஒரே தண்ணீர். 2004 மே மாதம் கிணற்றின் உள்கட்டடம் சரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் அப்போது ஐந்து வயதுப் பையன். ஆபத்து என்று நான் மூடிவிட்டேன். பிறகு என் பாதியின் மேல் அடுப்படியை நீட்டிக் கட்டினேன்.

இதுதான் ஊருக்குத் தெரிந்த விவரம்.

ஜூலை 21, வெள்ளி

தங்கப்பேச்சிக்கு ஆபீஸ் லீவு. பின்வாசல் படியில் நின்று எட்டிப் பார்த்தாள். கொத்தனார், "உள்ள வந்து பாருங்கக்கா" என்றார். "இருக்கட்டும், இங்கனயே தெரியுது" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படியைத் தாண்டியதில்லை. நானும் வா என்று சொன்னதில்லை.

பள்ளத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க கெணறு. பாத்து எம்புட்டு நாளாச்சு." பிறகு கொத்தனாரிடம் ஆரம்பித்தாள். நான் உள்ளே போயிருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டேன்.

"வெளாத்திகுளத்துல எங்க அண்ணன் மகளுக்குக் காதுகுத்துன்னு ஒரு வாரம் போயிருந்தோம். திரும்பி வந்து பாத்தா கெணத்தக் காணோம். உள்கல்லு எல்லாம் சரிஞ்சு விழுந்துருச்சாம். எம் மகன் மாரீஸ்வரன் அந்த வயசுல கெணத்து மேட்டுலதான் கெடப்பான். நாங்க வந்தபெறகு சரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? சார் யாருக்கும் காத்திருக்கல. ஆளக் கூட்டியாந்து மூடிட்டாக. இன்னைக்கு அவன் கல்யாணம் முடிச்சு, பிள்ளையும் பெத்து, திருப்பூர்ல வேலை பாக்கான்னா இவுக போட்ட பிச்ச."

கொத்தனார் பள்ளத்தைப் பார்த்தார். சுற்றுக்கட்டடத்தைப் பார்த்தார். காலையில்தான் கயிறு கட்டி இறங்கி ஒவ்வொரு கல்லாகத் தட்டிவிட்டு, ஒன்றுகூட அசையவில்லை, அந்தக் காலத்து வேலை என்று மெச்சியிருந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா. பெரிய காரியந்தான்" என்றார்.

என் வீட்டில், என் எதிரில், கூலிக்கு வந்த ஒருவர் என்னைக் காப்பாற்றினார். அதைவிடக் கடப்பாரையால் ஒன்று போட்டிருக்கலாம்.

ஜூலை 22, சனி

தூர்த்த குப்பையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். மக்கிய தென்னை மரத் துண்டுகள், அப்பாவின் கட்டில், பஞ்சு மெத்தை, இடித்த சுவரின் காரை, மேலாகக் கரிசல் மண். மரமும் மெத்தையும் மக்க மக்க மேல் மண் இறங்கியிருக்கிறது. தரையும் கூடவே இறங்கியிருக்கிறது. ஸ்டவ்வுக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கொத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். நடுச்சுவர் நிற்கும் குறுக்குக் கல்லின் ஒரு முனை உடைந்திருக்கிறது.

"இது தானா ஒடஞ்சதில்ல சார். குப்ப கொட்ட எடம் வேணும்னு யாரோ சம்மட்டியால ஒடச்சிருக்காக. இத்தன வருசமும் கீழ கெடந்த மண்ணுதான் கல்லத் தாங்கி நின்னுச்சு. மண்ணு எறங்கிருச்சு. இப்பம் கல்லு அந்தரத்துல தொங்குது. சவுக்குக் கம்பால முட்டுக் குடுத்திருக்கேன், ஆனா நம்புறதுக்கில்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் மாரீஸ்வரன் கல்யாணத்தின்போது போட்ட தகரக் கூரை அறை இருக்கிறது. கூரைக் குழாயின் ஒரு முனை இந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழாயில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். தொட்டிலில் மூன்று மாதப் பெண் குழந்தை. பக்கத்தில் தாய் பவித்ரா படுப்பாள்.

சொன்னேன். கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னைக்கே மாத்தச் சொல்லிருங்க சார்."

மாலையில் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டேன். "வேலை நடக்குது, ஒரே தூசி. கொழந்தைக்கு ஆகாது. தொட்டிலைக் கொஞ்ச நாள் முன்னறைக்கு மாத்திக்கோயேன்."

"தலப்பிள்ள தொட்டில், ஆடியில எடம் மாத்துறதில்ல சார். ஆவணி பொறக்கட்டும். தூசிக்குப் பழைய சேலையக் கெட்டித் தொங்கவிட்டுக்கிடுதோம்" என்றாள். போகும்போது, "எங்க பிள்ளைன்னா ஒங்களுக்கு உசுரு" என்றாள்.

ஜூலை 23, ஞாயிறு

என் டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் கொடுத்தேன், முன்னறையில் வெக்கை என்றால் இது இருக்கட்டும் என்று. ஃபேனைப் பின்னறையில், தொட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டார்களாம்.

சுவர் என்று சொல்லவில்லை. சுவர் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் கல் என்று வரும். கல்லுக்கு அப்புறம் சம்மட்டி. ஒரு வார்த்தையை இழுத்தால் மொத்தமும் கூடவே வருகிறது.

ஜூலை 24, திங்கள்

கொத்தனார் வந்ததும் கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

தூசி என்று சொன்னதும் சொன்னதுதானே. முப்பது வருஷம் பத்திர ஆபீசில் இருந்தவனுக்கு இந்த மாதிரி வாசகம் அமைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். 2004, மே 19, புதன். இரண்டு வரி இருக்கிறது: "கிணறு வேலை முடிந்தது. பால் ஒரு லிட்டர்." அவ்வளவுதான். யாரும் படிக்காத டைரியில்கூட நான் உண்மையை எழுதவில்லை. பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். "மேற்படி பொதுக் கிணற்றில் சரிபாதி பாத்தியமும்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எனக்கான பத்திரத்தை நானே எழுதினேன். அவள் மாமனாரின் பத்திரத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இன்று எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் சித்திரையில் உமாராணியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். எல்லாம் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா கை கழுவப் பின்பக்கம் போனார். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாளி கீழே இறங்கியது. அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "அவங்க வாளியும் இதுலதான் விழுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், கழுவவில்லை. கொடுத்த காபியும் அப்படியே இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது பத்துப் பதில் தோன்றுகிறது. அன்றைக்கு, "மூடப்போறோம்ங்க. போர் போடுறோம்" என்றேன். அடுத்த மாதம் தங்கப்பேச்சி வீட்டார் காதுகுத்துக்குப் போனார்கள். வெளியூரிலிருந்து ஆட்களையும் வண்டியையும் கூட்டி வந்தேன். ஐந்து நாள் வேலை. உள்கட்டடம் சரியவில்லை. ஒரு கல்கூட அசையவில்லை. நல்ல கோடையிலும் பன்னிரண்டு அடித் தண்ணீர் நின்றது. அதன் மேல்தான் என் அப்பாவின் கட்டிலைப் போட்டேன்.

இந்திராணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலையிலிருந்து இரண்டு குடம் கொடுக்க ஆரம்பித்தாள்.

வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

காலை பத்து மணி. கொத்தனார் முட்டுக் கம்பை இறுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் கொக்கி கிறீச் கிறீச் என்று ஆடியது. பவித்ரா ஏதோ தாலாட்டுகிறாள்.

"தொட்டில் சத்தங் கேக்குது சார்."

நான் பள்ளத்தைப் பார்த்தேன்.

"நீங்க சொல்லல."

"சொன்னேன். தூசின்னு…"

"எனக்கு ஒங்க கெணத்துக் கத வேண்டாம் சார். அது ஒங்க பாடு. நீங்க போய்ச் சொல்லுதீங்களா, நாம் போகட்டுமா?"

போனேன். பின்வாசலிலேயே நின்று, சுவர் பலமாக இல்லை, எப்போது வேண்டுமானாலும் விழும், கொத்தனாரே சொல்லிவிட்டார் என்றேன். பவித்ரா முகம் வெளுத்துப்போய் மாமியாருக்குப் போன் செய்தாள். தங்கப்பேச்சி ஆபீசிலிருந்து அரை நேர லீவு போட்டு ஓடி வந்தாள். "ஆடியாவது ஒண்ணாவது" என்றபடி தொட்டில் சேலையை அவிழ்த்தாள். ஏன் பலமில்லை என்று கேட்டாள்.

"பழசு" என்றேன்.

இரண்டு நிமிஷ வேலை. மூன்று நாளாக என்னால் முடியவில்லை.

ஜூலை 26, புதன்

சுவர் விழுந்துவிட்டது.

பதினொன்றே கால் மணி. முதலில் முட்டுக் கம்பு முனகியது. கொத்தனார் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். குறுக்குக் கல் இரண்டாகப் போயிற்று. எட்டடி அகலத்துக்குச் சுவர் கிணற்றுக்குள் இறங்கியது. கூடவே கூரைக் குழாயும், குழாயில் மாட்டியிருந்த தொட்டில் கொக்கியும், என் டேபிள் ஃபேனும். அந்த அறையின் தரையில் பாதியும் போயிற்று.

குழந்தை முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு எழுந்து அழுதது.

தூசி அடங்கியதும் அவர்கள் வீடு தெரிந்தது. பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்து நான் பார்க்காத வீடு. சுவரோரம் வரிசையாகக் குடங்கள். பிளாஸ்டிக், எவர்சில்வர், ஒரு பழைய செம்புப் பானை. எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பத்து நாள் தண்ணீர். கடைசியில் தனியாக இரண்டு, நான் கொடுத்த தண்ணீர். அவற்றுக்குத் துணியின் மேல் மூடியும் போட்டிருந்தார்கள்.

தங்கப்பேச்சி வந்தாள். பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக என் வீட்டுக்குள் வந்தாள். முதல் தடவையாக வந்தாள். என் காலடியில் குழந்தையைக் கிடத்தப் போனாள். நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

"ரெண்டாவது தடவ சார். அன்னைக்கு மகன், இன்னைக்குப் பேத்தி. ஒங்களுக்கு நாங்க என்ன செய்யப்போறோம்?"

தெருவே நின்று பார்த்தது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். செபஸ்தியான் கொத்தனார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கலவை அள்ளும் பாண்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினார்.

நான் வாயைத் திறந்தேன். "கொழந்தைக்குப் பசிக்கும், பால் குடுக்கச் சொல்லு" என்றேன்.

பிரஷர் பார்க்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு அவள் தண்ணீர் கேட்டு வருவதற்கு முன்னால், நானே இரண்டு குடங்களையும் நிரப்பித் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். "நீங்க எதுக்கு சார் தூக்கிட்டு" என்று பதறினாள். தண்ணீரை வாங்கி ஊற்றிவிட்டு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி தருவாள், குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

"தங்கப்பேச்சி, அந்தக் கெணறு சரிஞ்சு விழல. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வேணும்னு மூடினேன். குறுக்குக் கல்லையும் நான்தான் ஒடைக்கச் சொன்னேன்."

அவள் புரியாமல் சிரித்தாள். பவித்ரா கதவருகில் வந்து நின்றாள். நான் இரண்டாவது தடவை சொன்னேன். அப்போது சிரிப்பு போயிற்று. கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்பம் தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"எம்புட்டு?"

"பன்னெண்டு அடி."

அவள் சுவரோரக் குடங்களைப் பார்த்தாள். எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எங்க மாமனாரு சாகும்போது வாய்ல ஊத்த நல்ல தண்ணிக்கு நாலாந் தெருவுக்கு ஓடுனேன்" என்றாள், பவித்ராவிடம் சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "எதுக்கு சார்?" என்றாள்.

அதையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தது, அந்த அம்மாள் கேட்டது, நான் சொன்ன பதில். "அவங்க வாளியும்" என்ற சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

குழந்தை எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். "உமா கல்யாணம் முடியுத வரைக்கும் நாங்க வாளி போடாம இருந்திருப்போமே."

நான் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திட்டியிருந்தால் திரும்பி வந்து சாப்பிட்டிருப்பேன். அவள் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படிச் செய்திருப்பாள். அவமானம் என்றால் என்ன என்று அறுபத்தெட்டு வயதில் இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த அம்மாள் காபியைத் தொடாமல் போனபோது எனக்கு வந்ததை அவமானம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூலை 29, சனி

எப்படிச் செய்யலாம் என்று கொத்தனார் கேட்டார். கிணற்றைச் சரளும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, மேலே கம்பி கட்டி கான்கிரீட் போட்டால் நூறு வருஷத்துக்கு அசையாது. என் அடுப்படியும் மிஞ்சும். இல்லாவிட்டால் மொத்தக் குப்பையையும் அள்ளிவிட்டுக் கிணற்றைக் கிணறாக விட வேண்டும். அப்படியானால் அடுப்படி போய்விடும்.

"கெணத்துல பாதி அவளுது. அவகிட்ட கேளுங்க" என்றேன்.

"நீங்க கேக்க மாட்டீங்களா?"

"எங்கூடப் பேச மாட்டா."

போய்க் கேட்டு வந்தார். "அள்ளச் சொல்லிட்டாக" என்றார்.

அடுப்படியின் மிச்சச் சுவரை மதியமே இடிக்க ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

உமாராணியிடம் போனில் எல்லாம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரியும் என்றேன். "அதான்" என்றாள். எது அதான் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

இருபத்தைந்து அடி அள்ளியாயிற்று. கட்டிலின் ஒரு கால் மக்காமல் வந்தது. தேக்கு. மாரீஸ்வரன் திருப்பூரிலிருந்து வந்து அவனும் இறங்கி அள்ளுகிறான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் அம்மா அதுகூடச் செய்வதில்லை. நான் நிற்கும் இடத்தில் யாரும் இல்லாத மாதிரி கடந்து போகிறாள்.

காலையில் "சார், தண்ணி" என்ற குரல் வந்து பதினாலு நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

தண்ணீர் ஊறிவிட்டது. முதலில் கறுப்பாக. இறைத்துக் கொட்டுகிறார்கள். கொத்தனார் புதிதாக ஒரு நீளக் கல் ஏற்றி அதன் மேல் இடுப்பளவு சுவர் வைத்திருக்கிறார். இன்னும் உயர்த்தட்டுமா என்று கேட்டார். அந்தப் பக்கம் கேட்கச் சொன்னேன். போதும் என்றார்களாம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆவணி பிறந்து நாலு நாள். முன்னறை மூலையில் ஸ்டவ்வை வைத்துச் சமைக்கிறேன். மில்காரன் போட்ட தரை, ரசமட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாது. தோசை வட்டமாக வருகிறது.

காலை ஆறு மணிக்குக் கப்பிச் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறேன். இடுப்பளவுச் சுவருக்கு மேலே தங்கப்பேச்சியின் தலை தெரிந்தது. இரண்டு வாளி இறைத்தாள். மூன்றாவது வாளியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஒரு கை அள்ளிக் குடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நேற்று என் பக்கத்துக்கும் ஒரு கப்பி மாட்டிவிட்டுத்தான் கொத்தனார் போனார். வாளியும் கயிறும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் இன்னும் இறைக்கவில்லை.

கைப்பழக்கத்தில், போரிலிருந்து இரண்டு பித்தளைக் குடங்களையும் நிரப்பிப் பின்வாசல் படியில் வைத்தேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெயிலில் சுட்டுக் கிடந்தது.